வேனில் இரவுகளைப் படைத்தவர்கள்

விடுமுறை பிறந்ததும் நகரத்துப் படிப்பாளி இளைஞர் ஒரு கேள்வியை எழுப்புவது வழக்கமாகிவிட்டது. "இந்த வெயிலில் ஊரில் என்னதான் இருக்கிறது?" என்பதே அக்கேள்வி. புத்தகமும் கைத்தொலைபேசியுமே துணையாக வளர்ந்துவிட்ட இவர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. ஊரின் வேனிற்காலம் என்ன தந்தது, அதனைத் தந்தவர் யாவர் என்று நம் பாடப்புத்தகங்கள் அவர்கட்குச் சொல்லவில்லை. மன்னர் வரிசையையும் போர்க்களங்களையும் வரி பிசகாமல் ஒப்புவிக்கும் மாணவன், தன் பாட்டன் இரவிரவாக விழித்திருந்து பார்த்த ஆட்டத்தின் பெயரை அறியான். அந்தக் குறையைச் சிறிதளவேனும் நிரப்பும் நோக்குடன், யாழ்ப்பாணத்து வேனில் இரவுகளின் சரித்திரத்தை உரும்பிராயில் நின்று நோக்க முயல்வோம்.

வேனிலைப் பஞ்சாங்கம் ஒருவாறு வகுக்கும். தோட்டக்காரன் வேறொருவாறு வகுப்பான். சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது ஏட்டு வழக்கு. பலாலி வீதியின் இருமருங்கும் செம்மண் பரந்து கிடக்கும் உரும்பிராய், ஊரெழு, கோப்பாய்ப் பகுதிகளில் புகையிலை வெட்டி முடிந்து கையிற் காசு புழங்கத் தொடங்கும் நாளே வேனிலின் தொடக்கம். மாசி பங்குனியில் வயல் அறுவடை ஓய்ந்து தரை காய்ந்து வெளியாகிறது. மழை பெய்து கொட்டகையைக் குலைக்கும் என்ற அச்சம் இல்லை. துலா மிதித்தும் பட்டை பிடித்தும் விடியுமுன் தண்ணீர் இறைத்த உடம்புக்கு மாலையில் ஓய்வு கிடைக்கிறது. கோயில்களும் தம் கொடியேற்றங்களை இக்காலத்தை அண்டியே பெரிதும் வகுத்துக்கொண்டன. கலைமகள் வீணையோடு வானிலிருந்து இறங்கி வந்தாள் என்று பாடுவோர் பாடட்டும். நம்மூரில் அவள் புகையிலைக் காசில் வாங்கிய மண்ணெண்ணெய் எரிந்த பெற்றோமாக்ஸ் வெளிச்சத்திலேதான் முகங்காட்டினாள்.

பகற்பொழுதின் கேளிக்கைகளை விரித்துரைக்க இங்கு இடமில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் உடைப்பார்கள். வைரமான சிரட்டையுடைய தேங்காயைத் தேடிப் பிடிப்பதே பெரியதொரு கலை. நிலவில் கிளித்தட்டு மறிப்பார்கள். காய்ந்த வெளியில் மாட்டுவண்டிச் சவாரி நடக்கும். ஆடி முதலாம் நாள் பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் வீட்டுக்கு வீடு மணக்கும். அந்தச் சிறுநாளைத் தமிழ்கூறும் உலகம் முழுதும் அறியச் செய்தவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953). அவரும் ஓர் ஆசிரியரே என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு. வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் எதை எண்ணி மகிழ்கிறார்கள் என்று கவனித்த ஆசிரியர் அவர்.

ஆயினும் வேனிலின் உயிர் இரவிலேதான் இருந்தது. கோயில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் உபயகாரருக்கு உரியது. ஒருவர் நாலு கூட்டம் மேளம் பிடித்தால் மறுநாள் உபயகாரர் ஆறு கூட்டம் பிடிப்பார். ஒருவர் வாணவேடிக்கை விட்டால் மற்றவர் சிகரமும் சோடனையும் என்று மிஞ்சுவார். குடும்பப் பெருமையும் சாதிப் பெருமையும் காசை வாரி இறைத்த போட்டி அது. எனினும் அந்தப் போட்டியின் ஓரத்தில் நின்ற ஏழைத் தொழிலாளிக்கும் விடியவிடிய நாதஸ்வர இசை இலவசமாகக் கிடைத்தது. சங்கீத சபையில் அனுமதிச்சீட்டு வாங்க வக்கில்லாதவன், நடைமேளத்தின் பின்னே நடந்து நடந்தே இராக பேதம் அறிந்தான். நம் கிராமங்களில் எழுத்தறியாத இரசிகர் பலர் தவிலின் சொற்கட்டை விரல்விட்டு எண்ணிப் பிழை சொல்லத்தக்கவராக இருந்தமைக்கு இதுவே காரணம்.

நமக்கு அயற்கிராமமான இணுவில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர். அங்கே 1933இல் பிறந்து, பின்னர் அளவெட்டியில் வாழ்ந்தவர் தவில் மேதை தட்சிணாமூர்த்தி. தமிழகத்தின் பெருங் கலைஞர்களும் வியந்து தம்முடன் வாசிக்க அழைத்த அவர், 1975இல், 42 வயது நிறைவதற்கு முன்னரே மறைந்தார். அவர் வாசிப்பின் வேகத்தைப் பற்றிப் பேசாத முதியவர் இப்பகுதியில் அரியர். ஆனால் அந்தக் கைவிரல்கள் எந்தச் சமுதாய ஒழுங்கிற்குள் வேலைசெய்தன என்பதைப் பேசுவோரும் அரியரே. மேளகாரன் இல்லாமற் கலியாணம் இல்லை, கொடியேற்றம் இல்லை, தேர் இல்லை. ஆயினும் பந்தியில் அவனுக்கென்று ஒரு தனியிடம் ஒதுக்கப்பட்டது. அவன் வாசிப்பைத் தலையசைத்துக் கேட்டவர்களே அவனை ஒருமையில் அழைத்தார்கள். கலையை மதித்துக் கலைஞனை மதியாத இந்தப் பண்பை நிலவுடைமைச் சமுதாயத்தின் பிறவிக்குணம் என்றே சொல்ல வேண்டும்.

கோயில் வீதியை விட்டு மாரியம்மன் கோயில் வெளிக்குச் செல்வோம். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் நேர்த்திக்கடனாகக் காத்தான் கூத்து ஆடப்பட்டது. காத்தவராயன் முத்துமாரியின் பிள்ளை, ஆரியமாலையை விரும்புகிறான், சாதியும் அதிகாரமும் குறுக்கே நிற்கின்றன, முடிவில் கழுமரம் காத்திருக்கிறது. ஒரே இரவில் காத்தவராயன் வேடத்தைப் பலர் மாறி மாறி ஏற்பார்கள். இளங்காத்தானாக வந்தவன் ஒதுங்க, வளர்ந்த காத்தானாக வேறொருவன் மேடையேறுவான். ஊரில் எத்தனை இளைஞர் உண்டோ அத்தனை பேருக்கும் ஒரு பங்கு கிட்டும் ஏற்பாடு இது. ஆரியமாலையும் ஆண்பிள்ளையே. சிந்து மெட்டில் அமைந்த பாட்டும், அதற்கேற்ற மெல்லிய நடையும் ஒரு மாதம் பழகினால் எவருக்கும் படியக்கூடியவை. வயதான பெண்கள் பாயில் இருந்தபடியே வரிகளை முன்கூட்டி முணுமுணுப்பார்கள். சாதி கடந்த காதலுக்காகக் கழுவேறும் ஒருவனைத் தெய்வமாக நிறுத்தி, அவனுக்காக ஆண்டுதோறும் அழுத சனங்கள், மறுநாட் காலை தம் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகையில் அவனை மறந்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அவர்களின் அழுகை பொய்யன்று. தம் வாழ்வில் நிறைவேற முடியாத நியாயத்தை ஓரிரவேனும் கண்ணாற் கண்டார்கள்.

இவ்வாட்டங்களைப் பழக்கியவர் அண்ணாவியார். பட்டம் இல்லை, பதவி இல்லை. பகலிற் தோட்டக்காரராகவோ, தச்சராகவோ, மீனவராகவோ அவர் உழைப்பார். இரவில் ஒரு முற்றத்தில் அரிக்கன் இலாம்பை வைத்து, எழுத்தறியாதவனுக்கு வாய்ப்பாடமாகவும் எழுத்தறிந்தவனுக்குக் கொப்பியிலும் கூத்தைச் சொல்லிக் கொடுப்பார். நம் ஆசிரிய கலாசாலைகள் செயன்முறைக் கல்வி என்று பெரிதாகப் பேசத் தொடங்குமுன்பே, பாட்டு, தாளம், புராணம், கூட்டுழைப்பு, பேச்சுத் தெளிவு அனைத்தையும் ஒருங்கே கற்பித்த பள்ளிக்கூடம் அம்முற்றம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல்கடந்து யாழ்ப்பாணம் வந்தன. தகரக் கொட்டகை எழுந்தது. சீலையிற் தீட்டிய காட்சித் திரை தொங்கிற்று. ஆர்மோனியம் முன்வரிசையில் அமர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வளர்ந்த அந்த இசை நாடகத்தை நம்மவர் டிறாமா மோடி என்று பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டனர். அந்த மரபின் கொடுமுடியாக விளங்கியவர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபா ஏறாத மேடை யாழ்ப்பாணத்தில் மிகச் சிலவே. அவர் ஆடிய அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்ப்பதற்கு மக்கள் வண்டி கட்டிக்கொண்டு அயலூர் சென்றார்கள். பார்த்தவரே மீண்டும் மீண்டும் பார்த்தார்கள்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திப்பது நன்று. மயான காண்டத்தில் நடப்பது யாது? முடிமன்னன் ஒருவன் சுடலை காக்கும் வீரவாகுவுக்கு அடிமையாகிறான். பிணத்துக்குக் கூலி கேட்கிறான். பெற்ற மகனின் உடலுக்குமே கேட்கிறான். அரசன் கோலத்தில் இருந்தபோது அவனுக்குத் தெரியாத உலகம் அப்போதுதான் தெரிகிறது. அந்தக் காட்சியைப் பார்த்து முன்வரிசையிற் கதிரையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் கண்ணீர் விட்டார்கள். சுடலைத் தொழிலையும் பறை முழக்குவதையும் பிறப்பின் பேரால் சுமக்கும்படி விதிக்கப்பட்டவர்களோ, அதே கூட்டத்தின் ஒதுக்குப்புறத்தில், தமக்கென விடப்பட்ட தரையில் நின்று அதே காட்சியைப் பார்த்தார்கள். அரிச்சந்திரன் ஒருநாள் மீண்டும் அரசனாவான் என்பது இருசாராருக்கும் தெரியும். மற்றவனுக்கு எந்தத் தெய்வமும் வந்து முடி சூட்டப்போவதில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியார் வழிவந்த நந்தனார் கதையும் நம் கோயில் வீதிகளில் நாடகமாக நடந்தது. வைரமுத்துவும் அவ்வேடம் தாங்கினார். தில்லைக்குள் நுழைய ஏங்கும் நந்தனுக்காக உருகிய வீதியில், அன்றைய நந்தன்மார் கோயில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கும் வெளியை ஒட்டிய தேநீர்க்கடைகளிலும் அவர்களுக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் ஊற்றப்பட்டது. இதைவிடக் கூர்மையான நாடகத்தை எந்த ஆசிரியனும் எழுதியிருக்க முடியாது.

படித்தவர்கள் இவ்விரவுகளை எவ்வாறு நோக்கினார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் (1822–1879) கோயிற் திருவிழாக்களில் நிகழ்ந்த சின்னமேளத்தையும் வாணவேடிக்கையையும் கடுமையாகச் சாடினார். சமயத் தூய்மை அவர் குறிக்கோள். அவரது காலமும் அத்தகையது. ஆனால் அவர் வழிவந்த நடுத்தர வர்க்கம் அந்தக் கண்டனத்தைப் பெருக்கிக் கூத்தையும் அதனுள் அடக்கிற்று. கூத்தாடி என்பது வசைச்சொல் ஆனது. ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் தம் பிள்ளை சலங்கை கட்டுவதை இழிவென எண்ணினார். அந்த இழிவைத் துடைக்கப் புறப்பட்டவர் கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982). பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட அவரும் நண்பர்களும் 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையைத் தொடங்கினர். படித்தவனும் மேடையேறலாம் என்று காட்டிய அவருடைய தொண்டு சிறிதன்று. 1968இல் வெளிவந்த அவருடைய 'ஈழத்தில் நாடகமும் நானும்' நம் ஆசிரியர் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய நூல். எனினும் சபை நாடகம் படித்தவர்களுக்காகப் படித்தவர்கள் ஆடியது. மாரியம்மன் கோயில் வெளியிற் பாய் விரித்தவர்கள் அங்கே அழைக்கப்படவில்லை.

1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், கொழும்பிற் கடமையாற்றிய எழுதுவினைஞரும் மாணவரும் விடுமுறைக்கு ஊர் திரும்புவது எளிதாயிற்று. பெட்டி நிறையப் புத்தகங்களோடு வந்த அந்த இளைஞர்கள் அன்றைய நகரத்துப் படிப்பாளிகள். அவர்களுட் பலர் நல்லூரின் இருபத்தைந்து நாட் திருவிழாவுக்குச் சென்று ஐஸ்கிறீம் அருந்தித் திரும்பினர். சிலரேனும் கிராமத்துக் கொட்டகையை எட்டிப் பார்த்தார்கள்.

இச்சிலரைக் கொட்டகையின் பக்கம் திருப்பிய காரணங்களுள் ஒன்று வியப்பானது. சிங்கள மக்களிடையே நாடகம என்று வழங்கிய ஆட்டம், நம் கரையோரக் கத்தோலிக்கரின் தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. அது அருகிவந்த காலத்தில் எதிரிவீர சரச்சந்திர அதன் மெட்டுகளை எடுத்து 1956இல் 'மனமே' என்னும் நாடகத்தைப் படைத்தார். சிங்களப் படித்த வர்க்கம் தன் சொந்த மரபைக் கண்டுகொண்ட நாள் அது. தமிழிலிருந்து போன சொத்து இவ்வளவு மதிப்புப் பெறுகையில் அதன் மூலம் நம் வீட்டுக் கோடிப்புறத்தில் கிடக்கிறதே என்று உணர்ந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். மட்டக்களப்பின் வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்துவந்து பல்கலைக்கழக மாணவர்க்கு ஆட்டம் பழக்குவித்தார். 'கர்ணன் போர்' 1962இலும், 'நொண்டி நாடகம்' 1963இலும், 'இராவணேசன்' 1964இலும் மேடையேறின. விடியவிடிய நடந்த கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி ஒருபக்க மேடையாயிற்று.

சுருக்கியதால் உயிர் போயிற்று என்று குறைகூறியவர் உண்டு. பாய் விரித்துப் படுத்தும் எழுந்தும் பார்த்த கூத்தின் ஆறுதலான ஓட்டம் அதில் இல்லை என்பது மெய்யே. ஆனால் கூத்தாடி என்ற வசைச்சொல்லின் நஞ்சை முறித்தது அந்த மேடைதான் என்பது நம் துணிபு. பட்டதாரி மாணவன் சலங்கை கட்டியபின் அதனை இழிவு என்று எவர் சொல்லத் துணிவார்? இன்றும் பேராசிரியரின் பெயரை அறிந்தவர் பலர். செல்லையா அண்ணாவியாரின் பெயரை அறிந்தவர் சிலர் என்பதை மட்டும் இங்கே குறித்துவைப்போம்.

மேடையின் இழிவு நீங்கியது. மேடைக்கு முன்னிருந்த தரையின் பிரிவினை நீங்கவில்லை. அந்த வேலை வேறு கைகளுக்குரியதாயிற்று. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. சாதிக்கொடுமையைக் கதைப்பொருளாக்கிய தலைமுறை அதனோடு வளர்ந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியும் கோயிற் கதவுகள் பல திறக்கவில்லை. நம் உரும்பிராய் மண் தந்த செ. கணேசலிங்கன் (1928–2021), 'நீண்ட பயணம்' என்னும் நாவலை 1965இல் வெளியிட்டுத் தாழ்த்தப்பட்ட மக்களின் விழிப்பைக் கதையாக்கினார். சிகை அலங்காரக் கடையில் இருந்துகொண்டே டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. இவர்கள் எழுதிய கிராமங்களும் வேனில் இரவுகளின் கிராமங்களும் வேறல்ல; பெற்றோமாக்ஸ் வெளிச்சம் எட்டாத ஓரத்தில் நின்றவர்கள் இப்போது பக்கங்களின் நடுவே வந்து நின்றார்கள்.

1968 ஆடியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. வேனிற் திருவிழாவே போராட்டக்களம் ஆனது. அந்த அனலிலிருந்து பிறந்தது என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'. இளைய பத்மநாதனும் அம்பலத்தாடிகள் குழுவினரும் அதனைக் காத்தான் கூத்தின் மெட்டுகளில் அமைத்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். பழக்கமான சிந்து காதில் விழுந்ததும் சனங்கள் வழக்கம்போலக் கூடினார்கள். மெட்டு காத்தானுடையது, கேள்வியோ கோயிற் கதவைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாகக் கழுவேறியவனுக்காக அழுதவர்கள், கழுமரத்தை நாட்டியவன் யார் என்று கேட்கும் பாட்டை அதே மெட்டிற் கேட்டார்கள். புதிய கருத்துக்குப் புதிய வடிவமே வேண்டும் என்று வாதாடும் நண்பர்கள் இந்த நிகழ்ச்சியைச் சற்று ஆழ்ந்து கற்பது பயன்தரும்.

பின்னர் வந்த ஆண்டுகள் இரவுகளையே பறித்துக்கொண்டன. ஊரடங்குச் சட்டம் நிலவிய ஊரில் விடியவிடிய ஆட்டம் ஏது? 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தார்கள்; வைரமுத்துவின் காங்கேசன்துறையும் வெறுமையாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஒரே இரவில் கைதடிப் பாலத்தை நோக்கி நடந்தது. உரும்பிராயும் அந்த நடையில் இருந்தது. அரிசியும் உடுப்பும் பிள்ளையும் சுமந்த கைகளில் கூத்துக் கொப்பிக்கு இடம் இருந்திருக்காது. 1996இன் வேனிலில் மக்கள் திரும்பினார்கள். வீடுகளிற் கூரை இல்லை. ஓடுகளோடு பெட்டகங்களும், பெட்டகங்களோடு கொப்பிகளும் போயிருந்தன.

போர் ஓய்ந்த 2009இன் பின் திருவிழாக்கள் மீண்டும் பெருகியிருக்கின்றன. ஆடி ஆவணியில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வரும் உறவினரின் காசில் உபயகாரப் போட்டி முன்னிலும் உரத்து ஒலிக்கிறது. மேளக் கூட்டங்களின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. மின்விளக்குச் சோடனை கண்ணைப் பறிக்கிறது. மெல்லிசைக் குழுக்கள் நள்ளிரவுவரை சினிமாப் பாட்டுப் பாடுகின்றன. அதனை வெறுப்பவர் நாமல்லர். இளைஞர் ஆடிப் பாடுவதில் தவறென்ன? ஆனால் ஒரு கோயிலின் ஒரு நாளை வாணவேடிக்கைக்குச் செலவாகும் தொகையில், வலிகாமத்தில் எஞ்சியுள்ள அண்ணாவிமார் அனைவரின் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து முடிக்கலாம் என்பது நம் மதிப்பீடு.

ஆதலின் "ஊரில் என்ன இருக்கிறது" என்று கேட்கும் நகரத்து இளைஞர்க்கு இந்த விடுமுறைக்கு ஒரு வேலை சொல்வோம். தங்கள் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு பாட்டன்மாரிடம் செல்லட்டும். எந்த ஆண்டு எந்த வெளியில் எந்தக் கூத்து ஆடப்பட்டது, ஆரியமாலையாக வந்தவர் யார், ஆர்மோனியம் வாசித்தவர் யார், அண்ணாவியார் எந்தத் தொழில் செய்தவர், ஆட்டம் பார்க்க வந்தவர்கள் எங்கே எங்கே இருந்தார்கள் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு முதியவர்கள் உடனே மறுமொழி சொல்லமாட்டார்கள். அதனைத் திருப்பியும் கேட்க வேண்டியிருக்கும். கொப்பி எங்கேனும் தப்பியிருந்தால், கறையான் அரித்த ஓரங்களையும் விடாமற் பக்கம் பக்கமாகப் படமெடுக்கட்டும். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே, பெரும்பாலும் பென்சிலில், அதனைப் படியெடுத்தவனின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரையும் வாசித்துப் பதிவு செய்யட்டும்.